ஓ.பி.யிலிருந்து ஊர் ஊராக

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, முப்பது வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல நர்ஸா இருந்திருக்கீங்க. நம்ம மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. டியூட்டி முடியும்போது ரிப்போர்ட் எழுதியதோடு சரி. வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது சென்ற ஆண்டு நம் கல்லூரிக்கு வந்திருந்தபோது நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள். "அக்கா, எனக்கு ஓ.பி.யிலதான் வேலை போட்டிருக்காங்க. பின்னால அமெரிக்கா போயி டிராவல் நர்ஸா வேலை பார்க்கணும்னு ஆசை. ஓ.பி. அனுபவம் செல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?"

அந்தப் பெண்ணுக்கு அன்று அவசரத்தில் சரியான பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை 2013-ல் நானும் என்னையே கேட்டுக்கொண்டு, தப்பான பதிலை எடுத்து, ஓர் இரவு முழுக்க நடுங்கியவள். ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரமும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சரித்திரம் தெரியாமல் போனதால்தான் நான் ஏமாந்தேன்.

எல்லோரும் சொல்லும் சரித்திரம்

டிராவல் நர்சிங் என்பது அமெரிக்காவில் ஒரு தனித் தொழில்முறை. ஒரு மருத்துவமனையில் நிரந்தர வேலை என்று இல்லாமல், ஏஜென்சி மூலமாக ஓர் ஊரில் பெரும்பாலும் 13 வாரம் ஒப்பந்தம். அது முடிந்ததும் அங்கேயே நீட்டிக்கலாம், இல்லை வேறு ஊர். சம்பளத்தோடு தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் உண்டு. அதனால் கையில் கிடைப்பது நிரந்தர வேலையைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு.

இது எப்படி ஆரம்பித்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆண்டுதோறும் மார்டி கிரா என்ற பெரிய திருவிழா. நம்மூர் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடுகிற மாதிரி ஜனம் கூடும். 1978-ல் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க அந்நகர மருத்துவமனைகள் வெளியூர் நர்சுகளைக் குறுகிய காலத்துக்கு வரவழைத்தன. அதுதான் ஆரம்பம் என்பார்கள்.

அதற்கு முன்பே நிலம் பதமாகியிருந்தது. 1946-ல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் ஊருக்கு ஊர் மருத்துவமனை கட்ட மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. 1965-ல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தது. கட்டில்கள் பெருகின, கட்டில்களுக்கு நோயாளிகளும் வந்தார்கள், நர்சுகள்தான் போதவில்லை. குளிர்காலம் வந்தால் வடக்கேயுள்ள பெரியவர்கள் ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்விடுவார்கள். அந்த நாலைந்து மாதம் அங்கே வார்டுகள் நிரம்பி வழியும். அதற்காக ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியுமா? தற்காலிக நர்ஸ் தேவைப்பட்டாள்.

வெளிநாட்டிலிருந்து நாங்கள் போனதும் அதே பற்றாக்குறையால்தான். 1989-ல் நர்சுகளுக்கென்றே ஒரு குடியேற்றச் சட்டம் போட்டு எச்-1ஏ என்று தனி விசா கொடுத்தார்கள். அந்த விசாவில்தான் 1991-ல் நான் டெக்சாஸ் போய் இறங்கினேன். அந்த விசா 1995-ல் முடிந்துவிட்டது. நாங்கள் எழுதிய என்க்ளெக்ஸ் தேர்வு காகிதத்தில் பென்சிலால் எழுதியது, இரண்டு நாள் நடக்கும். 1994-ல்தான் அது கம்ப்யூட்டருக்கு மாறியது. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பிறகு கலிபோர்னியா 1999-ல் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டம் இயற்றி, 2004 முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. அங்கேயும் வெளியூர் நர்சுகளுக்கு நல்ல கிராக்கி.

இந்தக் கதை முழுவதையும் பார்த்தால் நடுவில் ஒரு கட்டில் கிடப்பது தெரியும். கட்டில் காலியாக இருக்கக் கூடாது, கட்டிலுக்கு நர்ஸ் இல்லாமல் இருக்கக் கூடாது. டிராவல் நர்ஸ் என்றாலே கட்டிலோரத்து நர்ஸ் என்று ஆனது இப்படித்தான். மருத்துவமனை ஏஜென்சிக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில் முதல் வரியே "சமீபத்திய இரண்டு ஆண்டு அக்யூட் கேர் அனுபவம்" என்று இருக்கும். அந்த வரியில்தான் ஓ.பி. நர்ஸ் விழுந்துவிடுகிறாள்.

நான் செய்த தப்பு

நானும் முதலில் வார்டில்தான் இருந்தேன். 1996-ல் இரண்டாவது குழந்தை பிறந்தபின் இரவு டியூட்டி முடியவில்லை. ஒரு உள்நோய் மருத்துவர்களின் கிளினிக்கில் பகல் வேலைக்கு மாறினேன். பதினேழு வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. 2013-ல் அந்தக் கிளினிக்கை வேறொரு நிறுவனம் வாங்கியது. எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அதே வருஷம் என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. பெரியவன் கல்லூரியில் முதல் வருஷம். டிராவல் நர்சாகப் போனால் கடனில்லாமல் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏஜென்சிகளுக்கு வரிசையாகப் போன் செய்தேன். பேச்சு நன்றாகவே ஆரம்பிக்கும். "கடைசியாக வார்டில் எப்போது?" என்று கேட்பார்கள். "பதினேழு வருஷத்துக்கு முன்னால்" என்றதும் குரல் மாறிவிடும். "வேற ஏதாவது வந்தா கூப்பிடுறோம்மா" என்கிற தோரணை. ஏழாவது இடத்தில் ஒருவர் மட்டும் இனிக்கப் பேசினார். திறன் பட்டியல் என்று ஒரு படிவம் அனுப்பினார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒன்று முதல் நான்கு வரை எண் போட வேண்டும். "முன்னால செஞ்சதுதானே, மறந்தா போயிடும்? மூணு போட்டுடுங்க" என்றார்.

போட்டேன். அவர் சொல்லித்தான் செய்தேன் என்று இப்போது சொல்லமாட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது.

நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூர் மருத்துவமனை. மெடிக்கல்-சர்ஜிக்கல் வார்டு, இரவு டியூட்டி. டிராவல் நர்சுக்கு ஓரியன்டேஷன் என்பது பெயருக்குத்தான், வேலை தெரிந்தவள் என்ற நம்பிக்கையில்தானே வரவழைக்கிறார்கள்! எனக்கு ஒரே ஒரு இரவு கொடுத்தார்கள். இரண்டாம் இரவு ஐந்து நோயாளிகள். அதில் ஒருவருக்கு ஹெப்பாரின் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் அடைப்பு. இரவு இரண்டு மணிக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதைப் பார்த்து அட்டவணைப்படி வேகத்தை மாற்ற வேண்டும்.

பம்பின் முன்னால் போய் நின்றேன். அந்த மாதிரி பம்பை முந்தின இரவுதான் முதல் தடவையாகப் பார்த்திருந்தேன். அட்டவணை புரிந்தது, கணக்கும் போட்டேன். ஆனால் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. கட்டிலில் எழுபது வயதுப் பெரியவர், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் தூங்குவார். நம் கல்லூரியில் கேப் போட்ட அன்று விளக்கைக் கையில் ஏந்திச் சொன்ன உறுதிமொழி, அந்த நேரத்தில் போய் ஞாபகம் வந்தது.

நேராகச் சார்ஜ் நர்சிடம் போனேன். "நான் வார்டை விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது. படிவத்தில் உண்மையை எழுதவில்லை. இந்த ஹெப்பாரினை நீங்கள் பாருங்கள்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து வந்து பம்பைச் சரிசெய்தார். என் ஐந்து பேரில் மூன்று பேரை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்களுக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். விடியும்போது, "பெரியவருக்கு ஒன்றும் ஆகுமுன் சொன்னாய், அது வரைக்கும் நல்லது. ஆனால் வருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். இரண்டும் நியாயம்.

காலையில் ஒப்பந்தம் முடிந்தது. அந்த ஏஜென்சியும் என்னைக் கைகழுவியது. காரை எடுத்துக்கொண்டு டெக்சாஸ் வரை தனியாக ஓட்டிவந்தேன்.

அதற்கும் முந்தைய சரித்திரம்

வீட்டில் சும்மா இருந்த நாலைந்து மாதம் ஊர் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேறு ஏதோ தேடப்போய், செவிலியர் வரலாற்றுப் புத்தகங்கள் கண்ணில் பட்டன. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. 1978-ல் ஆரம்பிக்கும் கதை பாதிக் கதைதான்.

1893-ல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதி ஏழைக் குடியிருப்புகளில் லில்லியன் வால்டு என்ற நர்ஸ், தோழி மேரி புரூஸ்டருடன் சேர்ந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். ஹென்றி தெரு இல்லம் என்று அது வளர்ந்தது. அவருடைய நர்சுகள் மாடிப்படி ஏறி இறங்கும் நேரத்தை மிச்சப்படுத்தக் கூரைக்குக் கூரை தாண்டிப் போவார்கள். கையில் ஒரு பை, அவ்வளவுதான். 1909-ல் ஒரு பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் பாலிசிதாரர்கள் வீட்டுக்கு நர்சுகளை அனுப்ப அவரோடு ஏற்பாடு செய்துகொண்டது. 1912-ல் செஞ்சிலுவைச் சங்கம் கிராமங்களுக்கு நர்சுகளை அனுப்பும் பிரிவைத் தொடங்கியது. 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ், கென்டக்கி மலைநாட்டில் குதிரைமேல் போகும் நர்சுகளை வைத்து வேலையை ஆரம்பித்தார். பிரசவம், தடுப்பூசி, புண்ணுக்குக் கட்டு, எல்லாம் அவர்கள்தான்.

இவர்களில் யாரும் கட்டிலோரத்தில் நின்றவர்கள் இல்லை. ஊர் ஊராகப் போனார்கள், போன இடத்தில் ஓ.பி. பார்த்தார்கள்.

நம்மூரில் மட்டும் என்ன? வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் போய், சாலையோர மரத்தடியில் கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தாரே, அது என்ன? புளியமரத்தடி ஓ.பி.தானே! 1909-ல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. அந்த மரத்தின் கிளைகள்தாம் பின்னால் வந்த நம்மைப் போன்ற கல்லூரிகள்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. டிராவல் நர்சிங் கட்டிலைச் சுற்றி வளர்ந்த அதே காலத்தில், வைத்தியம் கட்டிலை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 1970-ல் ஃபீனிக்ஸ் நகரில் காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு என்ற தனி அறுவை மையம் திறந்தார்கள். 1972-ல் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மெடிகேர் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. ஊரெங்கும் டயாலிசிஸ் நிலையங்கள் பெருகின. 1983-ல் மெடிகேர், ஆன செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை நிறுத்தி, இன்ன நோய்க்கு இவ்வளவுதான் என்று தொகை கட்டியது. அதன்பின் நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதே மருத்துவமனைக்கு லாபமாகிவிட்டது. நாம் படித்த காலத்தில் ஒரு வாரம் வார்டில் கிடந்தவர்கள் இப்போது ஓ.பி.யில் வந்து போகிறார்கள். புறநோயாளிப் பணி செய்யும் நர்சுகளுக்கென்று அமெரிக்காவில் தனிச் சங்கம் தொடங்கியது எந்த ஆண்டு தெரியுமா? 1978. மார்டி கிரா கதையின் அதே ஆண்டு!

என்னிடம் இல்லாததைச் சொல்லி வார்டு வேலை கேட்டது தப்பு. என்னிடம் இருப்பதைச் சொல்லத் தெரியாதது அதைவிடப் பெரிய தப்பு என்று அந்த நூலகத்தில்தான் உறைத்தது.

இரண்டாவது முயற்சி

சுயவிவரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பழையதில் "கிளினிக் நர்ஸ், 17 ஆண்டு" என்று ஒரே வரி. அதைப் படிப்பவர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றுதானே நினைப்பார்? புதியதில் எத்தனை டாக்டர்களுக்கு எத்தனை நர்சுகள், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை தொலைபேசி அழைப்புகளில் யார் உடனே வரவேண்டும், யார் நாளைக்கு வரலாம் என்று நானே பிரித்தேன், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களைக் கண்காணித்தது, சர்க்கரை நோயாளிகளுக்குப் பாடம் எடுத்தது, புண் கட்டியது, எந்தக் கம்ப்யூட்டர் முறையில் பதிவு செய்தேன் என்பது வரை எழுதினேன். வார்டு அனுபவம் 1996-ல் முடிந்தது என்பதையும் தெளிவாக எழுதினேன்.

பிலிப்பைன்ஸ் தோழி ஒருத்தி சொல்லித்தான் "ஆம்புலேட்டரி" என்ற சொல்லால் தேட வேண்டும் என்பதே தெரிந்தது. அந்தப் பெயரில் தனி ஒப்பந்தங்கள் இருந்தன. குறைவுதான், சம்பளமும் வார்டைவிடக் குறைவுதான். ஆனால் இருந்தன. 2014-ல் அரிசோனாவில் நவஹோ பழங்குடி மக்களின் பகுதியில் ஒரு ஓ.பி.க்கு எடுத்துக்கொண்டார்கள். பழங்குடியினருக்கான இந்திய சுகாதாரச் சேவை 1955 முதல் மத்திய அரசின் பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் இயங்குகிறது. "இந்தியன்" என்ற பெயரைப் பார்த்து என் மாமியார் நம் நாட்டு ஆஸ்பத்திரி என்றே நினைத்துவிட்டார்!

செம்மண் பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. ஐம்பது அறுபது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். சர்க்கரை நோய் அதிகம். முதல் வாரம் ஒரு வயதான பெண்மணி மாத்திரைச் சீட்டுக்காக வந்தார். பேத்தி மொழிபெயர்த்தாள். இரத்த அழுத்தம் எடுத்துவிட்டு, "ஷூவைக் கழற்றச் சொல்லு" என்றேன். "அதுக்காக வரலையே" என்றாள் பேத்தி. "பரவாயில்லை, கழற்றட்டும்."

இடது பாதத்தின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். வலியே இல்லையாம். பாட்டிக்கே தெரியாது. அன்றே டாக்டர் பார்த்து, பாதத்தின்மேல் பாரம் விழாமல் கட்டுப் போட ஏற்பாடானது. நான் ஒப்பந்தம் முடித்துக் கிளம்பும்போது புண் மூடியிருந்தது. காலும் காலாகவே இருந்தது.

அந்தப் பழக்கத்தை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நம் ஓ.பி. சிஸ்டர்தான். நம் செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "மூஞ்சியைப் பார்த்தா போதுமாடி? செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருடி" என்று காது திருகுவாரே! அப்போது நம்மூரில் தொழுநோயாளிகள் நிறைய வருவார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் எப்படி வருகிறது, எப்படி ஆற்றுவது என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட். அவர் 1966-ல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்ப் பாதத்துக்குக் கண்ட வைத்தியம் சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் பொருந்தும் என்று அங்கிருந்து பரவியது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறோமே, அதைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனதிலும் கார்வில்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

வேலூரில் தொடங்கிய வைத்தியம் லூசியானா வழியாக நவஹோ நாட்டுக்கு வந்திருந்தது. நம் சிஸ்டரின் திட்டு என் வழியாக வந்தது. ஓ.பி. அனுபவம் செல்லாது என்று யாராவது சொன்னால் அந்தப் பாட்டியின் காலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தேடுகிறவர்களுக்கு

பிறகு ஒன்பது ஆண்டுகளில் பல ஊர் பார்த்தேன். 2021-ல் கொரோனா தடுப்பூசி மையங்களில் ஓ.பி. நர்சுகளைத் தேடித் தேடி அழைத்தார்கள். அந்தக் காலத்தில் ஏறிய சம்பளம் பின்னால் இறங்கிவிட்டது. அதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். எனக்குப் பட்டறிவாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

ஓ.பி. நர்சுக்கு ஒப்பந்தம் கிடைக்கக்கூடிய இடங்கள்: கிளினிக்குகள், தொலைபேசியில் நோயாளியை வகைபிரிக்கும் பணி, டயாலிசிஸ், மருந்தேற்று மையம், எண்டாஸ்கோப்பி, பகல்நேர அறுவை மையம், பழங்குடியினர் மருத்துவமனைகளின் ஓ.பி., கிளினிக்குகள் புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறும் மாதங்கள். இவற்றில் டயாலிசிஸ், எண்டாஸ்கோப்பி போன்றவற்றுக்கு அந்தந்த அனுபவம் இருந்தே ஆகவேண்டும். பொதுவான கிளினிக் நர்ஸ் என்று மட்டும் இருப்பதைவிட, இவற்றில் ஒன்றில் இரண்டு ஆண்டு முறையாகப் பழகிவிட்டுத் தேடுவது நல்லது. புறநோயாளிப் பணிக்கென்று சான்றிதழ்த் தேர்வு உண்டு, எழுதிவிடுங்கள்.

உரிமம் முக்கியம். 2000-ல் டெக்சாஸ் உட்பட ஒருசில மாநிலங்களோடு ஆரம்பித்த கூட்டு உரிம ஒப்பந்தம், 2018-ல் புதுப்பிக்கப்பட்டு இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் செல்லும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இதை எழுதும்வரை சேரவில்லை, அங்கே தனியாக வாங்க வேண்டும். மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு ஏதாவது ஒரு மாநில உரிமம் போதும்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள். கிளினிக் விடுமுறை நாளில் மூடியிருக்கும். அந்த நாளுக்குப் பணம் உண்டா? வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி என்று எழுதியிருக்கிறதா? ஆள் குறைந்தால் வார்டுக்கு அனுப்புவோம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா? இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் அந்த ஒப்பந்தம் வேண்டாம். தங்கும் பணத்துக்கு வரி இல்லை என்பார்கள். நீங்கள் உண்மையிலேயே செலவு செய்து பராமரிக்கும் நிலையான வீடு வேறு ஊரில் இருந்தால்தான் அது பொருந்தும். ஒரே இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினாலும் அந்தச் சலுகை போய்விடும்.

திறன் பட்டியலில் தெரியாததற்கு ஒன்று போடுங்கள். வேலை தவறினால் வேறு வேலை வரும்.

தங்கைகளுக்கு

அமெரிக்காவில் டிராவல் நர்சாக ஊர் மாறி ஊர் போக, கிரீன் கார்டு கையில் இருக்க வேண்டும். நாங்கள் போன எச்-1ஏ வழி இன்று கிடையாது. இப்போது பெரும்பாலும் நிரந்தரக் குடியேற்ற விசாவுக்கு மருத்துவமனையோ ஏஜென்சியோ மனுச் செய்ய வேண்டும். இந்தியர்களுக்கு அந்த வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். வரவழைக்கும் நிறுவனத்துடன் செய்யும் ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் அபராதம் உண்டா என்று பாருங்கள். அந்தக் காத்திருப்புக் காலத்தை வீணாக்காதீர்கள். முடிந்தால் முதல் இரண்டு ஆண்டு வார்டில் இருங்கள், அங்கே படிப்பது எங்கே போனாலும் கைகொடுக்கும். ஓ.பி.யில் போட்டால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே ஒரு நோயாளி உங்கள் முன்னால் ஐந்து நிமிஷம்தான் இருப்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் சொல்லாததையும் பார்க்கத் தெரிந்தால், அது சாதாரண அனுபவம் இல்லை.

சென்ற ஆண்டு வந்தபோது நம் பழைய ஓ.பி. கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். சுவருக்குப் புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஆனால் சீட்டு வாங்கக் காத்திருப்பவர்கள் உட்காரும் அந்தச் சிமெண்டுப் பெஞ்சு அப்படியே இருக்கிறது. ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார். அருகில் நின்ற மாணவி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் மெதுவாகக் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

சிஸ்டர் இப்போது நம்மிடையே இல்லை. ஆனால் அவர் சொன்னதை யாரோ இன்னமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மனசு நிறைந்துவிட்டது. வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்ட தங்கையே, உன் கேள்விக்கு இதுதான் என் பதில். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.